முறுக்கு டப்பாவில் ஒரு 200-500: ஏழு வருடப் பயன்பாட்டு அனுபவம்

பறவைகளைப் படமெடுக்கும் என் கேமரா லென்ஸ் குடியிருப்பது ஒரு முறுக்கு டப்பாவில். தீபாவளிக்கு மொத்தமாகச் சுட்டு அடுக்கி வைக்க அம்மா வாங்கிய இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், நாலு பக்கமும் கிளிப். அது எப்படி என் கைக்கு வந்தது என்பது பெரிய கதை. முதலில் லென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நிக்கான் ஏஎஃப்-எஸ் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ், எஃப் 5.6 (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்). 2015-இல் வெளிவந்தது. நான் 2018 அக்டோபரில் ஒருவரிடமிருந்து 62,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கினேன். வேளச்சேரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் கைமாறியது. விற்றவர் டீ குடித்து முடிக்கும்வரை நான் உள்ளே டார்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் வெட்கப்படாமல் இதைச் செய்ய வேண்டும். முன்னால் இருந்து ஒருமுறை, பின்னால் இருந்து ஒருமுறை, சாய்த்துப் பிடித்து ஒருமுறை. இரண்டு தூசி தெரிந்தது. தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

200-லிருந்து 500 வரை எஃப் 5.6 மாறாமல் நிற்கும் என்பதுதான் இதை எடுத்ததற்குக் காரணம். அப்போது நான் பார்த்த 150-600 லென்ஸ்களில் கடைசி முனைக்குப் போனால் எஃப் 6.3 ஆகிவிடும். மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்) வித்தியாசம், ஆனால் விடிகாலை ஆறேகாலுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றின் அருமை தெரியும். என்னிடம் இருப்பது நிக்கான் டி500 கேமரா பாடி. படம் பதியும் சென்சார் சின்னது என்பதால் 500 மி.மீ. அதில் 750 மி.மீ. அளவுக்குப் பார்வையைக் குறுக்கிக் கொடுக்கும். எஃப் 5.6-லேயே கூர்மை எனக்குப் போதும். வெளிச்சம் தாராளமாக இருந்தால் 7.1 வைப்பேன், கொக்கின் முதுகு இறகுகள் இழை இழையாகப் பிரிந்து வரும். வெள்ளைப் பறவைகளுக்கு எக்ஸ்போஷரை (பதியும் வெளிச்சத்தை) 0.7 ஸ்டாப் குறைத்து வைப்பதும் பழக்கமாகிவிட்டது.

எடை, ட்ரைபாட் காலரோடு (முக்காலியில் மாட்ட லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையம்) 2,300 கிராம். பாடி 860 கிராம். ஆகமொத்தம் மூன்று கிலோவுக்கு மேல். முதல் மாதம் கேமராவோடு வந்த வாரையே கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். கழுத்தும் போச்சு, அதைவிட முக்கியமாக லென்ஸின் மொத்தக் கனமும் கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தில் தொங்கியது. அப்புறம் ஒரு நண்பர் திட்டிய பிறகு, வாரை லென்ஸ் காலரின் காலில் மாட்டிக் குறுக்காகத் தோளில் போட ஆரம்பித்தேன். லென்ஸைத் தூக்கினால் கேமராவும் கூட வரும். கேமராவைப் பிடித்து லென்ஸைத் தூக்கக் கூடாது. அந்தக் காலின் திருகுகள் அசைந்து அசைந்து தளரும். நான் லென்ஸ் பையை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போகிறவன். நம் ரோட்டு அதிர்வுக்கு எந்தத் திருகுதான் நிற்கும்? மாதம் ஒருமுறை அலன் கீ வைத்து இறுக்குவேன்.

ஜூம் வளையத்தை 200-லிருந்து 500-க்கு ஒரே பிடியில் என்னால் திருப்ப முடிவதில்லை. பாதியில் விட்டு, மறுபடி பிடித்துத் திருப்ப வேண்டும். செம்பருந்து தலைக்கு மேல் திரும்பும் இரண்டு நொடியில் இதைச் செய்து பாருங்கள், தெரியும். அதனால் 300-இல் வைத்துக்கொண்டே நடப்பேன். பறவையை முதலில் கட்டத்துக்குள் கொண்டுவருவது அங்கேதான் சுலபம், அதன்பிறகு ஒரே திருப்பில் 500. விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸில் இருக்கும் வசதி) பற்றி ஒரு வரி: உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை 500-இல், 1/125 நொடியில் கையில் பிடித்தே எடுத்திருக்கிறேன், பத்தில் ஆறு தேறியது. பறப்பதற்கு 1/2000-க்குக் கீழே போக மாட்டேன், அங்கே விஆரை நம்பி ஒரு பயனும் இல்லை. கை நடுக்கத்தை அது பிடித்து நிறுத்தும். சிறகடிப்பை நிறுத்துமா?

வாங்கிய புதிதில் பழவேற்காட்டு உப்பு ஏரிக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். தூரத்தில் பூநாரைகள் ஒரு ரோஜா நிறக் கோடாக நின்றுகொண்டிருந்தன. எப்படியும் நானூறு மீட்டர். 500 மி.மீ. எதற்கு இருக்கிறது என்று முந்நூறு படம் எடுத்துத் தள்ளினேன். படகுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, விடியக் காலையிலேயே வந்திருக்கணும் நீங்க, இப்ப தண்ணி கொதிக்குது பாருங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், முந்நூறும் தண்ணீர்க்கோலம். பூநாரையின் கால்கள் நெளிநெளியாக, ஒன்றில்கூடக் கண் இல்லை. லென்ஸில் ஃபோகஸ் கோளாறு, விற்ற மனிதர் என் தலையில் கட்டிவிட்டார் என்றே முடிவு கட்டினேன். பாடியில் இருக்கும் ஃபோகஸ் திருத்தத்தை +8, -6 என்று இரவெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே லென்ஸ், எட்டு மீட்டர் தூரத்தில் கம்பியில் உட்கார்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தி. திருத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடுத்தேன். அலகின் ஓரத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் தெரிந்தது.

படகுக்காரர் சொன்ன கொதிப்பு கானல். வெயில் ஏற ஏற, தரையையும் தண்ணீரையும் ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடச் சூடாகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வேறுவேறு அளவில் வளைக்கும். அந்தக் குழம்பலை நானூறு மீட்டர் தாண்டி வருகிற ஒளி என்ன பாடுபடும்? நம் லென்ஸ் பறவையோடு சேர்த்து அந்தக் குழம்பலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் போட்டாலும் இதற்கு மருந்து கிடையாது. காரின் ஏசியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து எடுத்தாலும் இதே கதைதான். அன்றிலிருந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவர இந்த லென்ஸை எடுப்பதில்லை, கிட்டே இருப்பதைப் பெரிதாக எடுக்கத்தான். முப்பது மீட்டருக்குள், ஒன்பது மணிக்குள். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இருந்து நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்கு 500 சரியாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. 200-இல் வைத்தும் பறவை கட்டத்துக்குள் அடங்காமல், தெருவில் பின்னால் பின்னால் நடந்து ஒரு மாட்டின் மேல் மோதினேன்.

பறவை இல்லாத நாளில் தட்டான் எடுக்கலாம் என்பது எதிர்பாராமல் கிடைத்தது. 2.2 மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும். தட்டான் பயப்படாத தூரம் அது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். 2020-இல் ஊரடங்கு. லென்ஸ், பஞ்சு மெத்தை வைத்த பையில், பை பீரோவில், பீரோ வடக்குச் சுவரை ஒட்டி. அந்தச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். நிவர் புயலும் வந்து போனது. "பத்திரமாக" வைத்திருக்கிறோம் என்ற நினைப்பில் நான் பையைத் திறக்கவே இல்லை. 2021 ஜனவரியில் எடுத்துப் பார்த்தால், முன்கண்ணாடியின் உள்பக்கம், விளிம்பில், சிலந்தி நூல் மாதிரி நாலைந்து கிளைகள். டார்ச் வெளிச்சத்தில் வேர் விட்டது போல இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அது உள்ளே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தும் கை கேட்கவில்லை. பூஞ்சை. கண்ணாடிக்கு மேலே பூசிய பூச்சை அது மெல்லத் தின்னும். வளரவிட்டால் சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும்.

ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். "ஒரு வாரம்" என்றார்கள், ஏழு வாரம் ஆனது. 6,500 ரூபாய். பூஞ்சை போயிருந்தது, அதற்குப் பதிலாக உள்கண்ணாடியில் யாரோ ஒருவரின் பெருவிரல் ரேகை குடியேறியிருந்தது. மறுபடி கொண்டுபோய்க் காட்டினால், "அது முன்னாடியே இருந்திருக்கும் சார்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கும் முன்னால் டார்ச் அடித்து எடுத்த படங்கள் என் போனில் இருந்ததால் தப்பித்தேன். இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்து கொடுத்தார்கள். லென்ஸை யாரிடம் கொடுத்தாலும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் புலம்பிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "முறுக்கு மூணு மாசம் நமத்துப் போகாம இருக்குதுல்ல? அந்த டப்பாவுல போடேன்டா." யோசித்தால் அறிவியலும் அதேதான். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் அது அறுபதுக்குக் கீழே இறங்குகிற நாட்களைத்தான் தேட வேண்டும். டப்பாவுக்குள் அரைக் கிலோ நீலச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டேன், முந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன ஈரமானியும் வாங்கி வைத்தேன். 78 காட்டிய முள் மறுநாள் காலை 44-இல் நின்றது. 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். முப்பதுக்கும் கீழே காயவிட்டால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் நல்லதில்லை என்பார்கள், அதனால் கூடக் கொஞ்சம் ஜெல் போட ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்வேன்.

நீல மணிகள் ஈரம் குடித்ததும் ரோஜா நிறமாகும். சூடாக்கினால் மறுபடி நீலம். முதல் தடவை அதைச் சமையலறை இரும்புச் சட்டியில் வறுக்கப் போனேன். "சமைக்கிற சட்டியில அதைப் போட்ட, உன்னையும் சேர்த்து வறுத்துருவேன்" என்றார் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நீலம் கோபால்ட் உப்பு, சாப்பாட்டுப் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. இப்போது அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டு, மொட்டை மாடியில் ஒரு சின்ன மின் அடுப்பு. ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் அலமாரிகள் விற்கிறார்கள், வசதி இருந்தால் வாங்குங்கள். நான் அந்தக் காசில் இரண்டு முறை கூந்தன்குளம் போய்விட்டு வந்தேன்.

"வெயில்ல காய வச்சா போகாதா?" என்றும் அம்மா கேட்டார். வத்தல் இல்லையே. 95 மி.மீ. அகலக் கண்ணாடி அது, பூதக்கண்ணாடிதான். மூடி போடாமல் கேமராவோடு சூரியனைப் பார்க்க வைத்துவிட்டுப் போனால் கேமராவின் உள்ளே ஏதாவது பொசுங்கலாம்.

துடைப்பதில் எனக்கு ஒரே விதி: முடிந்தவரை துடைக்காதே. முதலில் ரப்பர் ஊதி, அதிலும் போகாததற்கு மெல்லிய தூரிகை, அதிலும் போகாததற்குத்தான் துணி. திரவத்தைத் துணியில் விட வேண்டும், கண்ணாடியில் அல்ல. முன்கண்ணாடிக்குப் பாதுகாப்பாக மாட்டும் யூவி ஃபில்டர் போடுவதில்லை. ஒருமுறை மலிவான ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், 500-இல் எல்லாமே லேசாகப் பனி மூடியது போல வந்தது. ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) மட்டும் எப்போதும் இருக்கும். பழவேற்காட்டில் இருந்து வந்த அன்று மட்டும், சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழல் முழுக்க ஒத்தி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. உப்பு மறுநாள்வரை காத்திருக்காது.

ஜூம் செய்தால் குழல் நீளும் லென்ஸ் இது. நீளும்போது காற்றை இழுக்கும், சுருங்கும்போது தள்ளும். மழையில் நனைந்தால் பதறிப்போய் 200-க்குச் சுருக்கிப் பையில் போடத்தான் கை போகும். அங்கேதான் நிதானம் வேண்டும். நீண்ட குழலை முதலில் துடையுங்கள், அப்புறம் சுருக்குங்கள். இல்லையென்றால் தண்ணீரை நாமே உள்ளே ஊட்டிவிடுகிறோம். அதேபோல ஏசி அறையில் படுத்திருந்த லென்ஸை விடிகாலை ஏரிக்கரையில் திறந்தால் முழுக்க மூச்சு படிந்த மாதிரி ஆகிவிடும். திருநெல்வேலியில் ஒரு லாட்ஜில் தங்கிப் பாடம் கற்றேன். அரைமணி நேரம் துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது, வரித்தலை வாத்துகள் என் தலைக்கு மேலேயே போயின. இப்போது இரவே பையை ஏசி இல்லாத தாழ்வாரத்தில் வைத்துவிடுகிறேன். வழியில்லாதபோது, பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துப் பொறுத்திருப்பேன்.

மாற்றலாமா என்று கேட்கிறார்கள். 2023-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்கு வந்த நிக்கான் இசட் 180-600 குழல் நீளாத வகை, காலர் இல்லாமல் 1,955 கிராம். கடன் வாங்கி ஒரு நாள் வைத்திருந்தேன், ஜூம் வளையம் விரல் நுனியில் திரும்புகிறது. அதற்கு ஏற்ற பாடியும் சேர்த்து வாங்க வேண்டும் என்ற கணக்கில் வந்து நின்றுவிடுகிறேன். நிக்கான் மிரர்லெஸ் கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் என்னிடம் கேட்காமல் அதையே வாங்குங்கள். டி500, டி7500 வைத்திருப்பவருக்கு நல்ல நிலையில் ஒரு பழைய 200-500 கிடைத்தால் இன்றும் நான் தடுக்க மாட்டேன். டார்ச்சோடு போங்கள்.

இந்த வருடம் தீபாவளிக்கு அம்மா வேறு டப்பா வாங்கிக்கொண்டார். போன மாதம் வேடந்தாங்கலில் முன்மூடி ஏரிக்குள் விழுந்துவிட்டது. 95 மி.மீ. மூடி கடையில் கேட்டவுடன் கிடைப்பதில்லை, ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை அம்மா தைத்துக் கொடுத்த ஒரு துணிக் குல்லா.