பெரிய ஆஸ்பத்திரி அருகே ஒரு கஞ்சிக் கடை

மதுரை கோரிப்பாளையத்தில், அரசு ராஜாஜி மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்தின் முனையில் இருக்கும் இந்த உணவகத்தில், என் மாமனார் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பதினொரு நாட்களும் சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே ஒரு வேளை உண்டுவிட்டு எழுதும் மதிப்புரை அல்ல இது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மருத்துவமனையை இன்னமும் ‘எர்ஸ்கின் ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் வயதான ஆட்டோக்காரர்களிடம் கஞ்சிக் கடை என்றால் போதும்.

இட்லி மிருதுவாக இருக்கிறது; சாம்பார் நீர்த்திருக்கிறது. இட்லிக்கு நான்கு சட்னி கேட்டுப் பழகிய மதுரை நாக்குக்கு இங்குள்ள ஒற்றைத் தேங்காய்ச் சட்னி ஏமாற்றமாகவே இருக்கும். காபியை வேறு கடையில் குடித்துக்கொள்வது நல்லது.

ஆனால் கஞ்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புச் சேர்க்காமல் இறக்கி, உப்பையும் பருப்புத் துவையலையும் தனித்தனியே தருகிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட நோயாளிக்கும் அதே கஞ்சியை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் காரணம். நாம் நீட்டும் தூக்குவாளியைக் கொதிநீரால் அலசிய பிறகே அதில் ஊற்றுகிறார்கள். குடிக்கும் வெந்நீருக்குக் காசு வாங்குவதில்லை.

எல்லாரும் முதலில் கல்லாவில் டோக்கன் வாங்க வேண்டும். வசதியுள்ளவர் இன்னொருவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகலாம்; கையில் பணம் இல்லாதவருக்கும் அதே நிறத்து டோக்கன்தான் கிடைக்கிறது என்பதால், பரிமாறுகிறவருக்கு யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது தெரியவே தெரியாது. பணப்பையை வார்டிலேயே வைத்துவிட்டு நான் தடுமாறி நின்ற ஐந்தாம் நாளில்தான் இந்த ஏற்பாட்டை அறிந்தேன். மாலையில் பணத்தை நீட்டியபோது கடையை நடத்தும் அம்மையார் எதுவும் சொல்லாமல் எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர், நானும் அப்படியே. 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரா மிஷன் இவ்வூருக்குப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எனப் பெரிய நிறுவனங்களைத் தந்தது. அந்த மரபில் வளர்ந்த நாங்கள் இப்போது சீஷத்துவத்தை, அதாவது இயேசுவின் சீடராக வாழ்வதை, வகுப்பு நடத்திக் கற்பிக்கிறோம், குறிப்பேடும் கொடுக்கிறோம். பைபிளில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். சத்திரக்காரனைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. சமாரியன் ஓர் இரவு தானே பராமரித்துவிட்டு, இரண்டு நாள் கூலிக்கு ஈடான இரண்டு பணத்தைக் கொடுத்து, மீதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லி மறுநாளே புறப்பட்டுவிடுகிறான். அதன்பின் காயத்தைத் துடைத்து, வேளைக்கு ஆகாரம் கொடுத்து, கணக்கும் வைத்துக்கொள்ள வேண்டியவன் அந்தச் சத்திரக்காரன்தான். இந்தக் கடையின் சுவரில் ஒரு வசனமும் எழுதப்படவில்லை, ஒரு சபை நாட்காட்டி மட்டும் தொங்குகிறது.

எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அனைவரும் ஆராதனைக்குப் போய்விடுவதால் பதினோரு மணி வரை கடை பூட்டியிருக்கிறது. வார்டில் கிடப்பவருக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன? தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். “நாங்களும் அதைத்தாண்ணே பேசிக்கிட்டு இருக்கோம். ரெண்டு பேரு சாயங்கால ஆராதனைக்குப் போனாப் போதும்ல,” என்றார் அம்மையார்.

மாமனாரை வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்கு முந்தைய நாள் இரண்டாவது ஞாயிறு. காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். இட்லி இல்லை, கஞ்சி மட்டும் இருந்தது.