டாப்சோனா, கோல்சிசினா? லூபஸ் நோயாளியின் தோல் இரத்தக்குழாய் அழற்சிக்கு என் தேர்வு

லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ள எனக்கு இரு கணுக்கால்களின் மேலும் கடுகு தெளித்தாற்போல் சிவந்த புள்ளிகள் தடித்தெழுந்தபோது, கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பார்த்தேன், நிறம் மங்கவில்லை. தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருப்பதன் அடையாளம் அது. தோல் திசுப் பரிசோதனை சிறு இரத்தக்குழாய் அழற்சியை உறுதி செய்தது. சிறுநீரில் புரதமோ இரத்த அணுக்களோ இல்லை. சிறுநீரகமோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் வலுவான மருந்துகள் தேவைப்பட்டிருக்கும். இந்த ஒப்பீட்டுக்கே இடமிருந்திராது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு புள்ளிகளை விரைவில் அடக்கியது, அளவைக் குறைத்ததும் அவை திரும்பின. நீண்டகால ஸ்டீராய்டின் தீங்குகளை விளக்க வேண்டியதில்லை. எனவே, லூபஸுக்காக ஏற்கெனவே எடுத்துவந்த ஹைட்ராக்சிகுளோரோகுவினுடன் முதலில் கோல்சிசின் 0.5 மி.கி. தினம் இருவேளை சேர்க்கப்பட்டது. இதற்குக் கண்காணிப்பு குறைவு. ஆனால் வயிற்றுப்போக்கு என்னை வாட்டியது, புள்ளிகளும் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களும், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்து எடுப்பவர்களும் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தொழுநோய் சிகிச்சையால் அறியப்பட்ட டாப்சோனுக்கு மாறியபின்தான் புதிய புள்ளிகள் நின்றன. இதன் உண்மையான விலை மாத்திரையில் இல்லை, இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. தொடங்கும் முன்பே ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இல்லையென உறுதி செய்ய வேண்டும். இருந்தால் சிவப்பணுக்கள் பெருமளவில் சிதையக்கூடும். முதல் மாதம் வாரந்தோறும் இரத்தம் கொடுத்தேன், ஹீமோகுளோபின் 12.1இலிருந்து 10.9க்கு இறங்கியது. லூபஸும் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது என்பதால், குற்றவாளி நோயா மருந்தா என்று பிரித்தறிய கூம்ப்ஸ் பரிசோதனையும் (சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா எனப் பார்ப்பது) தேவைப்பட்டது. ஆக்சிமீட்டர் 98க்குப் பதில் 94 காட்டியபோது பதறினேன். டாப்சோன் உண்டாக்கும் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க இயலாத ஹீமோகுளோபின்) அதற்குக் காரணம் என்று மருத்துவர் பரிசோதித்துச் சொன்னார். சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: இம்மருந்து எடுக்கையில் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். முதல் சில வாரங்களில் காய்ச்சலுடன் தடிப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், பரிசோதனைகளுக்குத் தவறாமல் போக முடிந்தவர்களுக்கு டாப்சோனே மேல் என்பேன். முடியாதவர்களுக்கு, மேலே சொன்ன எச்சரிக்கைகள் பொருந்தாவிட்டால், கோல்சிசின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான அசாதயோபிரினை நான் உட்கொண்டதில்லை, ஆகவே அதன் பலனைப் பற்றி அனுபவமாக எதுவும் சொல்ல இயலாது. எனினும், அதே வகை மருந்துகளான மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோஃபினோலேட்டும் கருவுக்கு ஆகாதவை என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அசாதயோபிரினைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இப்போது நெடுநேரம் நின்று வேலை செய்த நாட்களில் மட்டும், மாலையில் காலுறை விளிம்பை ஒட்டி ஓரிரு புள்ளிகள் தென்படுகின்றன.