மொலினாவா, போஸியா?

பேஸ்பாலில் கேட்சர் என்பவர் கிட்டத்தட்ட விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் குத்தவைத்து உட்கார வேண்டும். என்ன பந்து வீசலாம் என்று தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டிச் சொல்ல வேண்டும். முட்டி தேய்கிற வேலை. நம்பகமான கேட்சர் யார் என்று பேச்சு வந்தால், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் யாடியர் மொலினாவா, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பஸ்டர் போஸியா என்று பலர் தடுமாறுவார்கள்.

உழைத்த காலம்
மொலினா: 2004 முதல் 2022 வரை 19 சீசன், ஒரே அணி.
போஸி: அவரும் ஒரே அணிதான், ஆனால் 12 சீசன். 34 வயதில் ஓய்வு.

மட்டை
மொலினா: சராசரி .277, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 277 முறை அடித்து பேஸை எட்டியிருக்கிறார். பரவாயில்லை.
போஸி: .302. 2012இல் .336 அடித்து, சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற எம்விபி விருதும் வாங்கினார்.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு (கேட்சர் காக்கும் இடம்) ஓடிவந்தவர் மோதியதில் போஸியின் கால் எலும்பு முறிந்து, சீசனே போய்விட்டது. அங்கிருந்து எழுந்து வந்த எம்விபி அது! இப்படி மோதுவதைக் கட்டுப்படுத்தும் விதி 2014இல் வந்தபோது, ரசிகர்கள் அதைப் போஸி விதி என்றே அழைத்தார்கள்.

கையுறை
மொலினா: 9 கோல்டு க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது). முட்டி போட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்து, அங்கிருக்கும் எதிரணி ஓட்டக்காரரை அவுட்டாக்கியவர்.
போஸி: 1.

கோப்பை
வேர்ல்டு சீரீஸ் கோப்பை: மொலினா 2, போஸி 3.

அடிக்க ஆளில்லாத அணிக்குப் போஸி. அனுபவமில்லாத பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) நிறைந்த அணிக்கு மொலினா. என்னைக் கேட்டால் மொலினாதான். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே முதல் பேஸிலிருந்து அங்கே ஓடவே பலர் யோசிப்பார்கள்.