“காற்றில் முறிந்த கள்ளித் துண்டு” வாங்கி 3,400 ரூபாய் போனது: செடி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கள்ளிச் செடிகளின் துண்டுகளைக் கைபேசிக் குழு வழியாக விற்கும் ஒருவரிடம் 3,400 ரூபாயை இழந்திருக்கிறேன். பணம் திரும்ப வராது என்று இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் என்னைக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள். ஏமாற்றும் முறை மாறாது என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

விற்பனைக்கு வந்தது செரியஸ் வகைத் தூண் கள்ளியின் தலைப்பகுதி. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், பச்சை உடலில் மஞ்சள் திட்டுகள். சாதாரணப் பச்சைச் செரியஸ் துண்டை வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சும்மாவே கொடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் திட்டு உள்ளதற்குத்தான் விலை, ஏனெனில் அந்தத் திட்டுகளில் பச்சையம் இல்லாததால் செடி மெதுவாகவே வளரும். விதை போட்டால் அதே நிறம் வரும் என்ற உறுதியும் இல்லாததால், துண்டு வைத்தோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்க வேண்டும். “கலிம்போங்கிலிருந்து வந்த தாய்ச்செடி, சென்ற மாதக் காற்றில் முறிந்துவிட்டது, முழுச்செடியாக இருந்தால் பன்னிரண்டாயிரம், முறிந்த தலை என்பதால் 3,400” என்று அறிவிப்பில் எழுதியிருந்தார். கலிம்போங் கள்ளி நாற்றுப்பண்ணைகளுக்குப் பெயர்போன மேற்கு வங்க மலையூர்.

பணம் அனுப்பும் முன்பு கேட்க வேண்டியதைக் கேட்டேன். எப்போது வெட்டினீர்கள், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிவிட்டதா என்று விசாரித்தேன். இவ்வளவு பருமனான துண்டு நன்றாகக் காய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஈரக் காயத்தோடு மண்ணில் வைத்தால் அழுகிவிடும். அதற்கு அவர் குரல்பதிவாக அனுப்பிய பதில்தான் என்னை வீழ்த்தியது. “அண்ணா, முறிந்த இடத்துக்கு மேலே சுத்தமாக வெட்டி, ஓரங்களைப் பென்சில் சீவுவதுபோலச் சீவியிருக்கிறோம், நடுவளையத்திலிருந்து வேர் வர வேண்டும் அல்லவா? நிழலில் நிறுத்தித்தான் காயவைத்தோம், படுக்கப் போட்டால் பக்கவாட்டில் வேர் விட்டுவிடும். சப்பாத்திக்கள்ளி மடல் வேலியோரம் விழுந்தாலே பிடித்துக்கொள்ளும், இதுவும் அந்தக் குடும்பம்தானே, கவலைப்படாதீர்கள்” என்றார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யான தோட்டக்கலை இல்லை. செடியைத் தொட்டு வளர்த்தவர் மட்டுமே இப்படிப் பேச முடியும், அப்படிப்பட்டவர் ஏமாற்ற மாட்டார் என்று எண்ண வைப்பதற்காகவே பேசப்பட்ட பேச்சு அது. கூடவே, வெளிறிய தோல் கட்டி உலர்ந்திருந்த வெட்டுவாயின் காணொளியும் வந்தது. செடி வந்த பிறகு பணம் தருகிறேன் என்றதற்கு, உயிருள்ள பொருளுக்கு அந்த வசதி இல்லை என்றார். முழுத்தொகையையும், அதாவது 3,400 ரூபாயையும், யுபிஐ மூலம் அனுப்பினேன்.

கோவையில் ஐப்பசி மழை பிடித்திருந்த நேரத்தில் பொட்டலம் வந்தது. செய்தித்தாளில் சுற்ற வேண்டிய துண்டைப் பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உறையின் உள்பக்கம் முழுவதும் நீர்த்துளி. காணொளியில் ஐந்து வரிகள், அதாவது நீளவாக்கில் புடைத்து ஓடும் மேடுகள், கொண்ட தண்டு, கைக்கு வந்ததிலோ ஆறு வரிகள். வெட்டுவாய் தெரியாதபடி, நீலப்பச்சை நிறத் தாமிரப் பூஞ்சாணக்கொல்லியைக் குழைத்துத் தடிமனாக அப்பியிருந்தார்கள். அந்த மருந்தைப் பூசுவது தவறன்று, நானும் பூசுவதுண்டு. ஆனால் மெல்லிய பூச்சுக்கு அடியில் காயம் தெரியும், இங்கே ஒன்றும் தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தபோது அடியில் சதை கொழகொழத்து, புளித்த நாற்றம் அடித்தது.

கள்ளித் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் செல்லும் குழாய்கள் அங்கேதான் உள்ளன. நல்ல துண்டில் அது வெளிறிய பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். அழுகல் பிடித்திருந்தால் வளையத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், சுற்றியுள்ள சதை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் நோய் குழாய் வழியே மேலேறிக்கொண்டிருக்கும். கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, சுத்தமான சதை வரும்வரை மேலே மேலே சீவுவதுதான் இதற்குள்ள ஒரே வழி, நானும் அதையே செய்தேன். செம்பழுப்பு நுனி வரைக்கும் போயிருந்தது. இரண்டு விரற்கடை சுத்தமாகத் தேறியிருந்தால்கூட டிராகன் பழக் கொடியின் மேல் ஒட்டுக் கட்டிக் காப்பாற்றியிருப்பேன், அதுவும் தேறவில்லை. இவ்வளவு தூரம் ஏறிய அழுகல் கூரியரில் போன சில நாளில் வந்ததாக இருக்க முடியாது. தாய்ச்செடி காற்றில் முறியவில்லை, அடி அழுகிச் சாய்ந்திருக்கிறது, மிஞ்சிய தலையை மருந்து பூசி என் தலையில் கட்டியிருக்கிறார் என்பதே என் முடிவு.

அதன் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், “அண்ணா, வெயிலில் வைத்துக் காயவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார். பொட்டலம் பிரிக்கும் காணொளி இல்லாமல் புகார் ஏற்க முடியாது என்றார். அதை எடுத்து வைத்திருந்தேன், உடனே அனுப்பினேன். அதைப் பார்த்த பிறகு, நீங்கள் தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள் என்றார். தொட்டியிலேயே வைக்காத துண்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஆறு வரி எப்படி வந்தது என்ற கேள்விக்கு இரண்டு நாள் மௌனம். பிறகு கூரியர் நிறுவனத்தைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார், கடைசியில் அடுத்த முறை வாங்கும்போது 200 ரூபாய் குறைத்துக்கொள்வதாகப் பெரிய மனது பண்ணினார். 3,400 ரூபாய்க்கு 200 ரூபாய், அதுவும் அவரிடமே மறுபடி வாங்கினால்! குழுவில் பொதுவில் கேட்டபோது என் கேள்வி நீக்கப்பட்டது, பிறகு நானும் நீக்கப்பட்டேன். அண்ணா என்று அழைத்தவருக்கு என் எண்ணைத் தடை செய்யவும் தெரிந்திருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. “உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை” என்று அவர் தானாக எழுதிக்கொண்டால் ஆயிற்றா?

துண்டு வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத எண்ணியே தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மருந்து பூசாத வெட்டுவாயை, அன்றைய செய்தித்தாளின் மேல் வைத்து, வரிகளை எண்ணும்படி காணொளி எடுத்துக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். முழுப்பணத்தை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். மழைக்காலத்தில் துண்டு வரவழைக்காதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள், வெட்டிய ஒவ்வொரு வில்லையையும் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கு அவை வேண்டும். அழுகிய வில்லைகளை எருக்குழியில் போடாமல் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றச் செடிகளுக்கும் தொற்றக்கூடும்.