மானிடவியல் படிக்க: யாழ்ப்பாணமா, அமெரிக்கச் சமூகக் கல்லூரியா?

உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், மானிடவியல் படிக்க ஆசை. யாழ்ப்பாணம் போகவோ, கலிபோர்னியாவில் மாமி வீட்டில் நின்று சமூகக் கல்லூரியில் சேரவோ?"

மனிதரின் உடலையும் வாழ்க்கை முறையையும் ஆராயும் படிப்பு அது. வன்னியில் இருந்து ஒரு பிள்ளை இப்படிக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். 2018இல் மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. காலத்தை அறிய மாதிரிகளைப் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். 2023இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்திலும் மனித எலும்புகள். எலும்பை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே வேண்டும்.

இந்த விஷயத்தில் சமூகக் கல்லூரி ஒருபடி மேல். இங்கே பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி தேவையில்லை. இரண்டு வருடம், ஏறக்குறைய 60 கிரெடிட், அப்புறம் நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் வருடத்தில் மாறலாம். எலும்பு, பல் போன்றவற்றைப் படிக்கும் உடல்சார் மானிடவியலுக்குப் பல கல்லூரிகளில் ஆய்வுகூட வகுப்பு உண்டு: இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்பது, பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பது. அரிச்சுவடிதான், ஆனால் கையால் தொட்டுப் படிக்கும் அரிச்சுவடி. இடிப்பது காசு. கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு ஒரு யூனிட் (கிரெடிட்) 46 டொலர். இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு அதைப்போல் பல மடங்கு. காணி விற்றுப் போகிற அளவுக்கு அது பெறுமதியில்லை என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. சமூகவியலும் தொல்லியலும் இருக்கின்றன, இரண்டும் மானிடவியலுக்கு நெருங்கிய சொந்தம். (2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பக்கத்தில்தான், ஆனால் கலைப்பீடம் இல்லாமல் தொடங்கியது.) பெரிய பலம் களம். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை எழுத வேண்டுமா? பஸ் ஏறினால் போதும். காணாமல்போன மகனைத் தேடும் தாயிடம் எந்தக் கேள்வியை எப்போது கேட்கக் கூடாது என்பதும் இவளுக்குத் தெரியும். அது ஆய்வுகூடத்தில் வராது.

வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளைகளுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானப் பட்டமும் இருக்கிறது. மெதுவாக நகரும், பரவாயில்லை.

அவளுக்கு நான் சொன்னது இது: புள்ளி வந்தால் யாழ்ப்பாணம், எலும்புப் பயிற்சியை மேற்படிப்பில் தேடு. அங்கேயே வதிவிட உரிமையோடு இருக்கிற உன் மச்சாளுக்கென்றால் யோசிக்காமல் சமூகக் கல்லூரி.