நிக்கோன் 200-500: நாலு பேருக்கு ஒரு லென்ஸ்

நிக்கோன் 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, யாரோடு சேர்ந்து வாங்கப் போகிறீர்கள் என்றுதான். தூரத்துப் பறவைக்கும் திமிங்கிலத்துக்கும் லென்ஸ் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திருகோணமலையில், இந்தக் கடற்காற்றில், ஒரு சம்பளத்தை மட்டும் நம்பி அதை வைத்துப் பராமரிப்பது பெரிய பாடு. எங்களுடைய லென்ஸ் நாலு பேருக்குச் சொந்தம். உவர்மலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன், கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் நானா, கந்தளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மல்லி, பிறகு கணிதம் படிப்பிக்கும் நான். நானா என்பது முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல், மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அண்ணனுக்கு நான் டீச்சர், நானாவுக்குத் தங்கச்சி, மல்லிக்கு அக்கா.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015இல் இது வெளிவந்தபோது அமெரிக்காவில் 1,400 டொலருக்குக் கிட்ட. டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்துக் கணக்கில் அது 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபா. 2022இல் டொலர் 360ஐத் தாண்டியதும் அதே 1,400 டொலர் 5 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். அந்த வருடம் எங்களில் யாரும் லென்ஸைப் பற்றிக் கதைக்கவே இல்லை. பெற்றோல் வரிசையில் நின்றோம். 2023இல் நிக்கோனின் இசட் மவுண்ட் 180-600 வந்த பிறகு, கொழும்பில் மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராவுக்கு) மாறியவர்கள் பழைய 200-500ஐ விற்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் எங்களுக்கு வழி பிறந்தது. மாதாமாதம் சீட்டுப் போல நாலு பேரும் காசு போட, அது நானாவின் கடை லாச்சியில் சேர்ந்தது. என் பங்கு டியூஷன் காசு. மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, கீறல் இல்லாத ஒன்று கிடைத்தது. மல்லி இரவு ரயிலில் போய் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

பாரம் 2.3 கிலோ. காகிதத்தில் படிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. கமராவோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு செம்பருந்து வட்டம் போட்டு முடிக்கும்வரை பின்தொடர்ந்து பாருங்கள், தோள் சொல்லும். மற்றக் கம்பனிகளின் 150-600 லென்ஸ்களையும் யோசித்தோம். சிக்மாவின் கன்டெம்பரறி 1.93 கிலோதான், 600 வரை போகும். ஆனால் நீட்டிய முனையில் அது எஃப்/6.3; எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. இது 200இலும் 5.6, 500இலும் 5.6. விடியற்காலை வெளிச்சத்தில் அந்தச் சிறு வித்தியாசம் ஐஎஸ்ஓவில் (கமராவின் வெளிச்ச உணர்திறனில்) தெரியும் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். இப்போது பார்க்கும்போது அவர் சொன்னது சரி.

மல்லியின் கமரா டி500, மற்ற இரண்டு பேரிடமும் என்னிடமும் இருப்பவை டி7000 வரிசைக் கமராக்கள். இவற்றின் சென்சர் சிறியது என்பதால் 500 மி.மீ. என்பது 750 போலப் படம் தரும். கிண்ணியாப் பாலத்தில் நின்றால் கம்பத்தில் இருக்கும் ஆலாவின் கண்ணில் வெளிச்சப் புள்ளி தெரியும். எஃப்/5.6இலேயே கூர்மை போதும்; 7.1க்கு மூடினால் இறகு இன்னும் வடிவாக வரும். பறக்கும் ஆலாவுக்கு ஷட்டர் 1/2000க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓட்டோ ஃபோகஸ் விலை கூடிய, ஸூம் இல்லாத பிரைம் லென்ஸ்களின் வேகத்தில் ஓடாது. பக்கத்திலுள்ள சுவிட்சை 6 மீட்டருக்கு அப்பால் என்று வைத்துவிட்டால் தேடும் நேரம் குறையும். தூரப் பறவைக்கு நாங்கள் எப்போதும் அப்படித்தான் வைப்போம்.

ஸூம் வளையம் நீளமானது. 200இலிருந்து 500க்கு ஒரே திருப்பில் போக முடியாது, கையை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டும். கரையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. படகில்தான் பிரச்சினை. படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இந்த லென்ஸை வாங்கியதே அதற்காகத்தான்.

திருகோணமலையில் கடல் கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே சட்டென்று ஆழமாகிவிடுகிறது. துறைமுகத்துக்கு வெளியே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் இவ்வளவு கிட்ட வருகின்றன. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு, பங்குனியிலிருந்து ஆவணி வரை காலை வேளையில் படகு போகலாம். படகுக்காரர் கேட்பது படகுக்கான காசு, ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை. தனியாகப் போகிறவர் முழுக் காசையும் கட்ட வேண்டும். நாலு பேர் போனால் நாலில் ஒன்று. இந்தப் பொழுதுபோக்கில் ஆள் சேரச் சேரச் செலவு குறைகிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாலு பேருக்கு ஒரு லென்ஸ் என்றால் படகில் எப்படி? உப்புத் துவானம் அடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. அதனால் கரையிலேயே அதை மல்லியின் டி500இல் மாட்டிவிடுவோம், திரும்பி வரும்வரை கழற்றுவதில்லை. அந்தக் கமராவில் எஸ்டி கார்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆளுக்கு ஒரு கார்டு கொண்டு போவோம். முறை மாறும்போது கார்டு மாறும், கமரா மாறாது. யாருடைய கார்டில் விழுந்ததோ அவருடைய படம். இதை யோசித்துச் சொன்னவர் நானா. கடையில் கடன் கணக்கு எழுதிப் பழகியவர், தகராறு எங்கே கிளம்பும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த முறைக்குரியவர் சும்மா இருக்க முடியாது. படம் எடுப்பவரின் லைஃப் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். 2.3 கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்பவருக்கு இரண்டு கையும் கமராவில்தான் இருக்கும். லென்ஸின் விஆர் சுவிட்சை ஸ்போர்ட் என்று வைத்தால் ஆட்டத்தை அது ஓரளவு அடக்கித் தரும், ஆனால் ஆளை விழாமல் பிடிக்க ஆள்தான் வேண்டும். மற்ற இருவரும் கண்ணால் தேடுவார்கள். ஊதல் நேராக, உயரமாக எழுந்தால் நீலத் திமிங்கிலம். தாழ்வாக, இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து வந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இருந்தும் சாய்ந்த ஊதலை எங்கள் எல்லோருக்கும் முன்னால் காண்பவர் அவர்தான். “டீச்சர், ரெண்டு மணிப் பக்கம்!” என்று அவர் கத்தும்போது 200இல் வைத்துத் தேடிப் பிடித்து, பிறகுதான் நீட்ட வேண்டும். 500இல் வைத்துக்கொண்டு தேடினால் வெறும் தண்ணீர்தான் தெரியும்.

ஸ்பேர்ம் திமிங்கிலம் மேலே சில நிமிடங்கள் மிதந்து மூச்செடுக்கும். முதுகு வளைந்தால் வால் வரப் போகிறது என்று அர்த்தம். வால் முழுதாக எழுந்து, விளிம்பில் தண்ணீர் வழிந்து, உள்ளே போய்விடும். பிறகு முக்கால் மணித்தியாலம் கூட அது மேலே வராமல் இருக்கலாம். அந்த நேரத்தில் படகு எஞ்சினை நிறுத்திவிட்டு நானா கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிடுவோம், கார்டில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்ப்போம். அண்ணன் என் படங்களில் தவறு சொன்னது அங்கேதான், நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். மல்லி முதன்முதலாகப் படகுக்கு வந்த அன்று, அவனுக்கு முறை வருவதற்குள் நேரம் போய்விடும் என்று தெரிந்ததும் அண்ணன் தன் கார்டைக் கழற்றி, “நீ போடு” என்றார். அன்று விழுந்த வால் படம் இப்போது ஸ்டூடியோவின் முன் கண்ணாடியில் இருக்கிறது. கீழே பெயர் மல்லியுடையது.

இன்னொன்று: இந்த நீளமான லென்ஸ் இருந்தால் படகு திமிங்கிலத்துக்குக் கிட்டப் போக வேண்டியதே இல்லை. சிறிய லென்ஸ் வைத்திருப்பவர்கள்தான் “இன்னும் கிட்டப் போ” என்று படகுக்காரரை நெருக்குகிறார்கள். திமிங்கிலத்தை விரட்டும் படகுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் கோபம் வரும். கடலுக்கே போகாமலும் பார்க்கலாம். கோணேசர் கோயிலடியில், இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நாட்களில் ஊதல் தெரியும். காலையில் சூரியன் எதிரே இருக்கும், பிற்பகலில் போங்கள்.

பறவைகளுக்கு மாரிக்குப் பிந்திய மாதங்கள்தான் நல்லவை. இறக்கக்கண்டிப் பாலத்தடி, கிண்ணியா, கந்தளாய்க் குளம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பதுக்குப் பிறகு தூரத்துப் படம் எடுக்க வேண்டாம். சூடான காற்று நடுங்கி எல்லாம் குழம்பிவிடும், அதை எந்த லென்ஸாலும் திருத்த முடியாது. பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்களுக்கு 200கூடச் சில நேரம் அதிகம், அவ்வளவு பழகியவை. இங்கே ஒரு எச்சரிக்கை. இது கடற்படையும் இராணுவமும் விமானப்படையும் இருக்கும் ஊர். இவ்வளவு பெரிய லென்ஸோடு நின்றால் கேள்வி வரும். காவலில் நிற்பவரிடம் நாமே முதலில் போய்ச் சொல்லி, எடுத்த பறவைப் படத்தைக் காட்டிவிடுவது நல்லது. கப்பல் பக்கம் திருப்பவே வேண்டாம்.

வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை. முன்கண்ணாடிக்கு 95 மி.மீ. ஃபில்டர் வேண்டும், அதன் விலை கேட்டு நாங்கள் ஹூட்டே போதும் என்று விட்டுவிட்டோம். லென்ஸின் கால் முக்காலித் தலையில் இருக்கும் சாதாரண ஆர்கா பிடியில் நேரே பூட்டாது, இடையில் ஒரு தட்டு வேண்டும். நானா தனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு தட்டுச் செய்வித்தார். கடையில் வாங்கும் தட்டைவிட அது உறுதி. படகின் விளிம்பில் வைக்க, பழைய ஜீன்ஸில் பை தைத்து நெல் நிரப்பினேன்.

பெரிய எதிரி உப்பும் பூஞ்சணமும். ஸூம் பண்ணும்போது இந்த லென்ஸ் நீளும், சுருங்கும்போது வெளியே பட்டதை உள்ளே இழுக்கும். ஆகவே கரைக்கு வந்ததும் நீட்டியபடியே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்த பிறகுதான் சுருக்குவோம். மாரி காலத்தில் அலுமாரியில் வைத்த அண்ணனின் பழைய லென்ஸ் ஒன்றில் பூஞ்சணம் பிடித்து, கொழும்புக்கு அனுப்பித் துடைத்தும் கண்ணாடியின் பூச்சு போய்விட்டது. அதிலிருந்து ஸ்டூடியோவில் ஒரு ட்ரை கபினட் ஓடுகிறது, உள்ளே ஈரப்பதம் 45 வீதம். அதற்கும் நாலு பேர் காசு. கபினட் கதவில் ஒரு கொப்பி தொங்கும்: யார் எடுத்தார், எப்போது கொண்டு வந்தார், துடைத்தாரா.

இந்தக் கொப்பியால் ஒரே ஒரு முறை மனத்தாங்கல் வந்தது. அண்ணன் லென்ஸை வெளிக்கள வேலைகளுக்குக் கொண்டு போய் உழைக்கிறார், நாங்கள் மூவரும் ஆசைக்கு எடுக்கிறோம். தேய்மானம் யாருடையது? நான் கணக்குப் போட்டுக் காட்டினேன், நானா தீர்ப்புச் சொன்னார்: காசுக்குக் கொண்டு போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு தொகையை டின்னில் போட வேண்டும். டின்னில் சேர்வது திருத்த வேலைக்கு. அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை, சொன்னதைவிடக் கூடவே போடுகிறார். சேர்ந்து வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

திருவிழாவும் மனிதர்களும் கடற்கரையும்தான் உங்கள் ஆசை என்றால் இது வேண்டாம், 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று வாங்கினால் மிச்சக் காசுக்கு ஊர் சுற்றலாம். ஏற்கெனவே நிக்கோன் இசட் கமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு இதைப் பாவிக்கலாம், ஆனால் புதிதாகத் தொடங்குவதென்றால் 180-600ஐப் பாருங்கள், அது நீளாமல் உள்ளேயே ஸூம் ஆகிறது, கடலோர ஊருக்கு அது பெரிய நன்மை. பழைய நிக்கோன் கமராவும், திமிங்கிலமோ பறவையோ என்ற பித்தும், நம்பிக்கையான இரண்டு மூன்று பேரும் இருந்தால் யோசிக்காமல் 200-500ஐ வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை விடியக் கிண்ணியாப் பாலத்துக்கு வாருங்கள், எங்களில் ஒருவராவது நிற்போம். உங்கள் கமராவையும் கார்டையும் கொண்டு வாருங்கள். டி90, டி3000 போன்ற பழையவற்றில் இந்த லென்ஸின் மின்சார அப்பெச்சர் (வெளிச்சத் துவாரம்) வேலை செய்யாது. அப்படியென்றால் கார்டை மட்டும் கொண்டு வந்தால் போதும், கமரா நாங்கள் தருகிறோம்.