மதன மோதகம்: வவுனியாவில் வாங்கிய ஒரு பெட்டி

வவுனியாவில் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள சித்த ஆயுர்வேத மருந்துக்கடை ஒன்றில் சென்ற மாதம், கஞ்சா சேர்த்துச் செய்யும் உருண்டை மருந்தான மதன மோதகம் ஒரு பெட்டி வாங்கினேன். பல மாதங்களாக உறக்கம் கெட்டிருந்த எனக்குப் பதிவுபெற்ற சித்த வைத்தியர் ஒருவர் எழுதித் தந்த சீட்டைக் கடைக்காரர் கேட்டு வாங்கி, நிதானமாக வாசித்த பின்னரே பெட்டியை எடுத்துத் தந்தார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு: இதே பெயரில் இனிப்புப் போலச் சுற்றப்பட்டு, எந்தச் சீட்டும் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளின் கைவரை போய்ச் சேரும் உருண்டைகளும் எங்கள் பக்கம் இருக்கின்றன.

உருண்டை கரும்பழுப்பாக, நெய் மணத்தோடு இருந்தது. சுக்கும் மிளகும் திப்பிலியும் முன்னே வர, பச்சிலைக் கசப்பு பின்னாலே வந்தது. கஞ்சாவை நெய்யில் வறுத்துச் சேர்ப்பது பழைய முறை. அதன் நுட்பத்தை எண்ணி நான் உண்மையிலேயே வியந்தேன். கஞ்சாவில் களிப்பைத் தரும் பொருள் ரீ.எச்.சி.; பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் அதன் அமில வடிவமே, அது களிப்பைத் தராது. சூடுபட்டு, அதிலுள்ள ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகப் பிரிந்து போனால்தான் அது ரீ.எச்.சி. ஆகிறது. அந்த ரீ.எச்.சி. நீரில் கரையாது, நெய்யில் கரையும். 1964 இல் இரசாயனவியலாளர்களான மெக்கூலமும் கயோனியும் அப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வறுப்பதும் நெய் சேர்ப்பதும் வைத்தியரின் கைக்குத் தெரிந்திருந்தன.

முதல் இரவு, சொல்லப்பட்டபடி சோற்றுக்குப் பின் கால் உருண்டை எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு தோள்களில் ஓர் இளக்கமும், வாய்க்காலோரத் தவளைச் சத்தம்கூட இனிமையாகக் கேட்கும் ஒரு மகிழ்ச்சியும் மெல்ல வந்தன, நன்றாக உறங்கினேன். மூளைக் கலங்களில் இத்தகைய பொருள்களை ஏற்கும் சி.பி.1 வாங்கிகளில் ரீ.எச்.சி. பொருந்தும்போது, இன்ப உணர்வோடு தொடர்புடைய டொபமின் என்ற பொருள் கூடுவது இந்தக் களிப்புக்கு ஒரு காரணம். அந்த வாங்கிகளுக்கென்று உடலே ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992 இல் அதைக் கண்டறிந்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைட்டு என்று பெயரிட்டார்கள்.

இரண்டாம் முறை நான் பிழை விட்டேன். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு கால் உருண்டையை எடுத்துவிட்டேன். நள்ளிரவில் நெஞ்சு படபடத்தது, வாய் உலர்ந்தது, காரணமில்லாத அச்சம் விடியும்வரை விடவில்லை. விழுங்கிய ரீ.எச்.சி. ஈரலில் இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறுவதால், அது தாமதமாக ஏறி நெடுநேரம் நிற்கிறது. சிறிய அளவில் களிப்பைத் தரும் அதே பொருள் அளவு கூடினால் பயத்தைத் தரும். பிழை என்னுடையதுதான்; ஆனால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய குறை, ஓர் உருண்டையில் எத்தனை மில்லிகிராம் ரீ.எச்.சி. இருக்கிறது என்று அச்சிடாதது. எங்கள் இளைஞர்கள் 'கேரளாச் சாமான்', 'ஊர்ச் சாமான்' என்று பெயரைக் கொண்டே கஞ்சாவின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள். மேல்நாட்டுக் கடைகளில் சற்றைவா, இந்திக்கா என்று பிரிப்பதும் அதே போன்றதே. தாவரங்களுக்குப் பெயரிட்ட அறிஞர்களான லின்னேயசு 1753 இலும் லமார்க்கு 1785 இலும் அந்தப் பெயர்களை வைத்தது செடிக்குத்தான், அது தரும் உணர்வுக்கு அல்ல. எந்த இனம் எவ்வளவு களிப்பைத் தரும் என்பதில் முதன்மையானவை அதிலுள்ள ரீ.எச்.சி. அளவும், அதோடு களிப்பைத் தராத சி.பி.டி. என்ற மற்றொரு பொருள் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதுமே. மகரந்தம் சேராத பெண் பூவில் ரீ.எச்.சி. நிறைந்த பிசின் மிகுதி; நாட்பட்ட சரக்கில் ரீ.எச்.சி. சிதைந்து மந்தமான சி.பி.என். என்ற பொருளாகிவிடும். எலுமிச்சைத் தோலிலும் மிளகிலும் இருப்பவை போன்ற வாசனைப் பொருள்கள் களிப்பின் தன்மையை மாற்றும் என்று சொல்லப்படுவது மனிதரில் உறுதியாக நிறுவப்படவில்லை. வழக்குகளில் கைப்பற்றப்பட்ட கஞ்சா மருந்து உற்பத்திக்கு வழங்கப்படும் நம் நாட்டில் ஒரு தொகுதி மற்றதைப் போல இராது என்பதால், ரீ.எச்.சி. அளவைச் சொல்லும் அந்த ஓர் எண் பெட்டியில் மிக அவசியம்.

வைத்தியரின் சீட்டு இருந்தால் அந்தக் கடைக்குத் தயங்காமல் போகலாம். இளவயதினருக்கும், மனநோயோ இதயநோயோ உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். எடுத்த இரவில் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது. சென்ற கிழமை மறுபடி போனபோது என் இரண்டாம் இரவைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பேனையை எடுத்து, தட்டிலிருந்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இரண்டு மணி நேரம் பொறுக்கவும், இரண்டாம் முறை எடுக்க வேண்டாம்' என்று எழுதத் தொடங்கினார்.